நாக்கை வென்றவர்

பினாங்கில் எனக்குப் பொழுது விடிவது மூக்கில்தான். கண் திறக்கும் முன்பே பின்சந்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை கரியடுப்பில் பிளாச்சானைச் சுட ஆரம்பித்துவிடுவாள். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கூனி இறாலை உப்பிட்டு, வெயிலில் போட்டு, இடித்து, புளித்து நாறும்வரை வைத்திருந்து கட்டியாக்கிய பண்டம் அது. அந்த வாடை எழுந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பசி எடுக்கிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டங்கியின் முன்வாசலுக்கு ஓடுகிறேன். நம்மவர்கள் பல கடைக்காரர்கள் ஒரே நீண்ட வீட்டில் தொழிலும் பார்த்து, அங்கேயே உண்டு உறங்குகிறோமே, அதுதான் கிட்டங்கி. அதன் வாசலில் சாக்கடை ஓடுகிறது. பிளாச்சானுக்குச் சாக்கடை எவ்வளவோ தேவலை. பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

கடல் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் முதல் மாதம் மூக்கைச் சுளிப்பவர்கள்தான். ஆறாம் மாதம் அதே பிளாச்சானை மிளகாயோடு அரைத்துச் சோற்றில் பிசைந்து, விரலை நக்குவார்கள். என் கதை வேறு. என் நாக்கு பிறவியிலேயே எதையும் மன்னிக்காத நாக்கு. தண்ணீர் எந்தக் குடத்தில் கிடந்தது, வெங்காயம் அரிந்த கத்தியால் மாம்பழத்தை நறுக்கினார்களா, ரசத்துக்கு நேற்றைய புளியா இன்றைய புளியா, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து பெருமையா என்று கேட்டால், இல்லை. மற்றவர்களுக்கு லேசாகக் கசப்பது எனக்கு வேப்பெண்ணெய். மற்றவர்கள் வழுவழுப்பு என்று சொல்லி விழுங்குவது என் தொண்டையில் உயிரோடு நிற்கும்.

வந்த புதிதில் தெருமுனைச் சீனர் கடையில் காப்பி கேட்டேன். டின் பால் ஊற்றிக் கொடுத்தார். பாலுக்கு முன்னால் தகரம்தான் நாக்கில் பட்டது. எனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில், சூசு வேண்டாம் என்றேன். பாலில்லாமல் கொடுத்தார். காப்பிக்கொட்டையை வெண்ணெயில் வறுத்திருந்தார்கள், காறல் அடித்தது. கோப்பி வேண்டாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டி, “லு சாக்கிட் கா?” என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு குவளை வெந்நீரை வைத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் தீராத வயிற்றுவலிக்காரன். நான் உயிரோடு தெருவில் நடப்பதையே அவர் ஒவ்வொரு நாளும் ஆச்சரியமாகப் பார்ப்பார்.

ஊரில் மட்டும் நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பரதேசம் வந்தவன் எழுதினால் ஊர்ச்சாப்பாட்டை நினைத்து உருக வேண்டும் என்பது வழக்கம். எனக்கு உருக ஒன்றும் இல்லை. என் தகப்பனார் என் மூக்கைப் பிடித்து வாயில் பாகற்காயைத் திணிப்பார். நான் அவர் மடியிலேயே கக்குவேன். கல்யாணத்தன்று சம்பந்திப் பந்தியில் கத்தரிக்காய்க் கூட்டைத் தொட்டுவிட்டு, எழுந்து ஓடி, வாழைமரத்தடியில் ஓங்கரித்தேன். என் மனைவி வள்ளியம்மை முதன்முதலில் வைத்த குழம்பை ஒரு வாய்க்கு மேல் என்னால் தின்ன முடியவில்லை. அவள் அழவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள்.

பிறகு என்னை ரங்கூனில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஙப்பி என்று ஒன்று உண்டு. இந்தப் பிளாச்சானுக்கு அண்ணன். ஏழே மாதத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தேன். மூன்று வருஷத் தவணைக்குப் போனவன் ஏழு மாதத்தில் வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? “போன கப்பல் திரும்புறதுக்குள்ள மாப்பிள்ளை திரும்பிட்டாக” என்று என் மாமனார் நாலு பேர் நடுவில் சொன்னார். வள்ளியம்மை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் கழித்து, யார் யார் காலையோ பிடித்து, பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பு வகிக்கும் மேலாளுக்கு அடுத்தவனாக, எனக்கு இடம் கிடைத்தது. இங்கிருந்தும் பாதியில் திரும்பினால் இனி எவனும் என்னைக் கப்பலேற்றமாட்டான். என் பெண்டாட்டிக்கும் தலைநிமிர்வு இருக்காது. மூன்று வருஷத்தைத் தாண்டியே ஆக வேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை எதையாவது விழுங்கியாக வேண்டும்.

கிட்டங்கியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். மேலாள் எதிரில் உட்காருவார். இலையில் மிச்சம் வைப்பது சமையற்காரரை அறைவதற்குச் சமம். சமையற்காரர் சுப்பையா நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் ஊரிலிருந்து டின்னில் வந்த நல்லெண்ணெய் கப்பல் சூட்டிலேயே காறிப்போய்விடும். அந்தக் காறல் எல்லாவற்றிலும் இருக்கும். கருவாடு பொரித்த சட்டியிலேயே கறி தாளிப்பார். பக்கத்தில் இருப்பவர் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும். ஆசையில் ஊறும் எச்சில் இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். இரண்டு மாதம் வெறும் சோறும் மோரும் தின்றேன். மற்றதை இலையோடு சேர்த்து மடித்தேன்.

ஒருநாள் மேலாள் கேட்டார்: “என்ன தம்பி, பசி ருசி அறியாதும்பாக. ஒங்களுக்குப் பசியே எடுக்கிறதில்லையா?”

நான் மோர்ச்சோற்றை இன்னும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“ஒத்துக்கலைன்னா வெளிப்படையாச் சொல்லிருங்க. ஊருக்கு எழுதிப்போடுறேன். அடுத்த கப்பல்ல வேற ஆள் வரட்டும்.”

அது மார்கழி பிறந்த சமயம். மறுநாள் நான் இலையில் உட்கார்ந்ததும் காய் எதையும் வைக்கவேண்டாம் என்று கையைக் குறுக்கே காட்டினேன். சுப்பையா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் மெல்ல மாறியது.

“அய்யா, தைப்பூசத்துக்கு வெரதமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பொய்யை நான் உண்டாக்கவில்லை. அவர் நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்று தலையாட்டினேன். வரிசை முழுக்க ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தியது. அன்று சாயங்காலம் மேலாளே என் நெற்றியில் திருநீறு பூசி, “சொல்லியிருக்கலாம்ல தம்பி, நா ஏதோ நெனச்சுட்டேன்” என்றார். ஊருக்குக் கடிதம் எழுதுகிற பேச்சு அதோடு போயிற்று.

அதன்பின் எனக்கு ராஜபோகம். சுப்பையா விடியுமுன் குளித்து, ஈர வேட்டியோடு, எனக்கென்று புதுப்பானையில் தனியாகச் சோறு வடித்தார். கருவாடு படாத கை, காறாத மோர். வாழ்நாளில் முதல் தடவையாகக் குமட்டாமல் சாப்பிட்டேன். பத்தாம் நாளோ என்னவோ, அவர் என் இலைக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஊரில் அவருடைய ஆறு வயது மகளுக்கு விஷக்காய்ச்சல், மூன்று வாரமாக இறங்கவில்லை என்று கடிதம் வந்திருந்தது.

“நீங்க இருக்கிற வெரதத்துல எம் புள்ளையையும் ஒரு வார்த்தை சேத்துக்கங்க அய்யா. அவ பேரு சிவகாமி.”

சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? வாயில் இருந்த சோறு அன்றைக்குத்தான் எனக்கு அருவருத்தது. சமைத்தவர் கையால் இல்லை, தின்றவன் வாயால்.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அடுத்த கடிதம் வந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம். சுப்பையா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போய்த் திரும்பிய மறுநாள், என் விரதத்தை முடித்துவைக்க அவரே ஒரு விருந்து சமைத்தார். தம் கைக்காசில் சமைத்தார்.

இலையைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. பாகற்காய்ப் புளிக்குழம்பு. அகத்திக்கீரை. எண்ணெயில் மிதக்கும் கத்தரிக்காய். நூல் நூலாக இழுபடும் வெண்டைக்காய். ஏடு மிதக்கும் பால் பாயசம். என் விரோதிகளை எல்லாம் ஒருவர் தேடித்தேடி ஒரே இலையில் கூட்டியிருந்தார். நான் முதல் கவளம் எடுக்காமல் வரிசையில் ஒருவரும் தொடமாட்டார்கள். சுப்பையா கைகட்டி நின்றார். எடுத்தேன். மெல்லாமல் விழுங்கினால் தப்பலாம் என்று பார்த்தேன். கீரை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கத்தரிக்காயின் விதைகள் பல்லுக்கிடையில் நசுங்கின. பாயசத்தின் ஏடு ஈரத்துணியாகத் தொண்டையில் இறங்கிப் பாதியில் நின்றது. கண்ணில் நீர் வடிந்தது. பக்தி என்று நினைத்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இலையைக் காலி செய்தேன். கைகழுவப் போகிறவன்போலப் பின்கட்டுக்குப் போய், சாக்கடையோரம் மண்டியிட்டு, அத்தனையையும் வெளியே தள்ளினேன்.

நிமிர்ந்தால், பாயசக் கிண்ணத்தோடு சுப்பையா நிற்கிறார். “ஒடம்புக்கு என்ன அய்யா?” என்று ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை என்னைத் தொட்டதும் எனக்குத் தாங்கவில்லை. என்மேலேயே எனக்கு அப்படியோர் அருவருப்பு.

“வெரதமெல்லாம் ஒண்ணும் இல்லை சுப்பையா. எனக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.”

அவர் என் தலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

“அப்ப எம் புள்ள எப்படிய்யா பொழச்சுது?”

அவர் வாளியில் தண்ணீர் மொண்டு என் வாயைக் கழுவிவிட்டார். “இது இங்கனயே கெடக்கட்டும். வெரதம் இன்னும் முடியலைன்னு நா சொல்லிக்கிறேன். நீங்க பாட்டுக்குத் தனிச்சோறே சாப்பிடுங்க. வேற எதையும் தொட்டுராதிக.” எனக்காக அவர் அதைச் சொல்லவில்லை. பொய் விரதத்துக்குக் கொடுத்த உயிரை முருகன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயந்தார். பொய்யை மெய்யாக்கிவிட்டால் கேட்கமாட்டான் அல்லவா?

ஆகவே மிச்சக் காலம் முழுக்க நான் விரதக்காரன். பக்கத்துக் கிட்டங்கிகளிலிருந்து வந்து திருநீறு வாங்கிப் போனார்கள். “நாக்கை வென்றவுக” என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். நாக்குக்கு என்னைப்போல் அடிமைப்பட்டவன் இந்தத் தீவில் ஒருவன் இல்லை. அது சுப்பையாவுக்குத் தெரியும். அவர் ஒருநாளும் முகம் மாறாமல் எனக்குத் தனிச்சோறு வடித்தார். என்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தவணை முடிந்து ஊருக்குப் போனேன். எனக்கு முன்பே என் புகழ் போய்ச் சேர்ந்திருந்தது. மாமனார் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வள்ளியம்மை முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவள் சமையலை நான் ஒதுக்கியது வெறுப்பினால் அல்ல, ஏதோ பூர்வஜன்மப் பக்குவத்தினால் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதை நான் மறுக்கவில்லை. சோறும் மோரும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

திரும்பவும் கப்பலேறப் பதினைந்து நாள் இருக்கும்போது சுப்பையாவின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தாள். சிவகாமிக்கு அப்போது எட்டு வயதுக்கு மேல் இருக்கும். காய்ச்சலில் கொட்டிய முடி நன்றாக வளர்ந்திருந்தது. தாய் என் காலில் விழுந்தாள். என் இலையிலிருந்து பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்றாள்.

அன்று மோரில் எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சு தேய்ந்து மோரில் களிம்பு இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு எட்டாத அளவு. அப்படியும் ஒரு கவளம் பிசைந்து அந்தப் பிள்ளையின் வாயில் வைத்தேன். அவள் ஒருமுறை மென்றாள். முகம் கோணியது. என் காலடியிலேயே துப்பினாள்.

“செம்புக்காச வாயில வச்ச மாதிரி இருக்கு.”

தாய் அவள் கன்னத்தில் அறைந்தாள். “இவ இப்படித்தான் சாமி. எதைக் கொடுத்தாலும் மோந்து மோந்து பாப்பா. ஒண்ணும் எறங்காது” என்று கும்பிட்டாள். வள்ளியம்மைக்கு முகம் வாடிவிட்டது. ஒரு மடக்கு மோரைக் குடித்துப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு?” என்று என் பக்கம் திரும்பினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கன்னத்தில் விரல் பதிந்த அந்தப் பிள்ளையும் பார்த்தாள். பிள்ளை சொல்வது சரி என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் நாக்கை வென்றவனுக்கு மோரில் களிம்பு எப்படித் தெரியும்? நான் கோழை.

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, மிச்ச மோரை அந்தப் பிள்ளையின் கண்முன்னாலேயே குடித்தேன்.

அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் என்னைக் கும்பிட ஆட்கள் இருக்கிறார்கள். நான் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திதான் இருந்தாள். அவள் வண்டியின் பின்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி தெருக்கோடியில் திரும்பும்போது பாவாடை ஓரத்தை எடுத்து, நாக்கை வெளியே நீட்டி, அழுத்தித் தேய்த்தாள். நான் வாசலில் நின்று, தோளில் கிடந்த துண்டால் என் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.