டெட்லைனும் ஒரு மின்கம்பமும்

மொழிபெயர்ப்பாளனுக்கு அகராதி புரட்டும் வியாதி உண்டு. எனக்குக் கொஞ்சம் முற்றிய வியாதி. ‘டெட்லைன்’ என்ற சொல்லை அன்றாடம் திட்டிக்கொண்டே பிழைப்பவன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சிறையில் கைதிகளைச் சுற்றிப் போட்ட எல்லைக்கோடாம். தாண்டினால் காவலன் கேள்வி கேட்காமல் சுடுவான். அச்சகத்தில் அதுவே, எழுத்து சரியாக விழாத ஓரத்தைக் காட்டும் கோடு. அப்புறம் பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்க் கெடுவாகிவிட்டது. அந்தச் சனியன்தான் என் கழுத்துக்கும் வந்தது.

இன்னொரு பொருளை எங்கள் தெருவுக்கு வந்த லைன்மேன் சொன்னார். குற்றாலத்தில் அப்போது சீசன் உச்சம். சாரலும் காற்றுமாக அடித்ததில் தென்னை மட்டை விழுந்து கம்பி தொங்கிவிட்டது. எனக்கோ கடைசி அத்தியாயம் பாக்கி, லேப்டாப்பில் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. லைன்மேன் வடகரைக்காரர், முப்பது வயதிருக்கும். கம்பத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தவரிடம் போய்க் கத்தினேன்.

“ஏ தம்பி, எனக்கு அஞ்சு மணிக்கு டெட்லைன். எப்பம்தான் கரண்ட் வரும்?”

அவர் சிரித்தார். “எனக்கும் டெட் லைன்தான் அண்ணாச்சி. கரண்ட் இல்லாத கம்பிய நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஆஃப் பண்ணியாச்சு, இப்பம் இதுல துணி காயப்போடலாம். ஒரு மணி நேரம் பொறுத்துக்கிடுங்க.”

பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. பின்கட்டில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று கிடந்தது. எங்கள் பக்கம் பலர் செய்கிற வேலைதான்: இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் அதை வீட்டுச் சுவர் பிளக்கோடு இணைத்துவிடுவது. ஆனால் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கரண்ட் வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் போய்விடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறேன். அன்று அவசரத்தில் மறந்தேன்.

கால் மணி நேரம் தட்டச்சு செய்திருப்பேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அவர் விழுந்த சத்தம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மா அலறியதுதான் கேட்டது. ஜெனரேட்டரை அணைத்து, வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் தெருவுக்கு ஓடினேன். சே, நானும் ஒரு மனுசனா!

சுற்றிலும் லாட்ஜ்கள், எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் ஓடியது. யார் வீட்டுக் கரண்ட் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. தப்பி வரும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும்படி கம்பியைத் தரையோடு எர்த் செய்யாமல் ஏறியது அவருடைய கவனக்குறைவு என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள், உண்மையைச் சொல்லிவிடத்தான் தென்காசியில் அவர் கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவர் மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

“வாங்க அண்ணாச்சி. எல்லாரும் என் தப்புன்னு சொல்லுதாங்க. ஆஃப் பண்ணுன கம்பில எப்படி வந்துச்சுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்” என்றார்.

வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அது கெடக்கட்டும். என்னால உங்க வேலை லேட்டாயிட்டோ? அஞ்சு மணிக்குள்ள அனுப்பிட்டியளா?”

“அனுப்பிட்டேன் தம்பி” என்றேன். அவரை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு வந்து, அந்தக் கால் மணி நேரத்தில் பேட்டரியில் ஏறியிருந்த கரண்டில்தான் அனுப்பினேன்.