கூரைக்கு ஓர் உறை

தையலக்கா தைத்த உறை இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ரேடியோவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, டிவி ரிமோட்டுக்குக்கூட உறை. வேலை முடிந்ததும் தையல் மெஷினை மூடி, குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். "எனக்கும் ஒண்ணு தச்சு மூடி வச்சிடுக்கா" என்று நான் வம்பிழுப்பேன். "உன் வாய்க்கு மட்டும் தச்சாப் போதும்" என்பாள்.

நான் குழாய் வேலைக்காரன். அவளும் அவள் அக்காவும் குடியிருப்பது மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. தையலும் அதே அறையில்தான். தங்கை தைப்பாள், பெரியக்கா காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். நாள் முழுக்கச் சண்டைதான். ஆனால் ஒருத்தி சாப்பிடாமல் மற்றவள் வாயில் சோறு வைக்க மாட்டாள்.

இந்தக் கோடையில் பெரியக்கா பட்டன் வைத்துக்கொண்டே மயங்கி விழுந்தாள். இதயம் பலவீனம், இந்தச் சூட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏசி போட்டால் அந்தப் பழைய கட்டடத்து வயர் தாங்காது. வெளியூரில் இருக்கும் அவள் மகன், "ரெண்டு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேம்மா" என்று போனில் சொன்னான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல முடியாது. அன்று தையலக்கா ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருந்தாள்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். ஒரு விதைக் கிடங்கில் செய்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது. கூரைமேல் தகட்டில் பதித்த குழாய்களில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடும். மேகமில்லாத வானம் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் கீழே மண்ணில் புதைத்த தொட்டியில் வந்து சேரும், மண் அதை லேசில் சூடாக விடாது. பகலில் அதையே ஒரு சின்ன மோட்டார் அறையின் உள்கூரைக் குழாய்களில் சுற்றவிடும். அதே மாதிரி இங்கேயும் ஐந்தே நாளில் அமைத்து முடித்துவிட்டு மார்தட்டிக்கொண்டேன்.

மூன்று நாளாகியும் அறை அடுப்பாகவே இருந்தது. தொட்டியில் கைவிட்டால் வெதுவெதுவென்று இருந்தது. மோட்டாரைக் கழற்றினேன், மாட்டினேன், இல்லாத ஓட்டையைத் தேடினேன். பெரியக்கா பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு என் தொழிலே வெறுத்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று கூரைக்கு ஏறினேன். தையலக்கா எனக்கு முன்பே அங்கே நின்றாள். தடித்த துணியில், ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்ட பெரிய உறை ஒன்றைக் குழாய்கள்மேல் விரித்து மூலைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"ராத்திரி தூசி விழும்ல தம்பி. தினமும் பொழுது சாஞ்சா மூடிடுவேன், காலைல எடுத்துடுவேன். எப்படித் தச்சிருக்கேன் பாரு!"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. பகலெல்லாம் வெயிலில் காயவிட்டு, வானத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் போர்த்தியிருக்கிறாள்! "ராத்திரி தொறந்து கெடந்தாதானேக்கா சூடு மேல போகும்? எல்லாத்தையும் கெடுத்திட்டியே!" என்று கத்திவிட்டேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "அப்போ அக்கா என்னாலதான் போறாளா?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவன் நான்தானே. இருவரும் சேர்ந்து முடிச்சுகளை அவிழ்த்தோம்.

அதன்பிறகு வெயில் ஏறுமுன் மூடினாள், பொழுது சாய்ந்ததும் திறந்தாள். முதல் இரண்டு நாள் கை பழைய பழக்கத்துக்கே போனது. மூன்றாம் நாள் காலை தொட்டித் தண்ணீர் சில்லென்றிருந்தது.

மகன் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்ததும், "ஏசி போட்டுட்டீங்களா சித்தி?" என்றான். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை. நான்கு மணிவரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தான். பெரியக்கா பாட்டுக்கு ஒரு கட்டுச் சட்டைக்குப் பட்டன் வைத்து முடித்தாள். அவன் டாக்டருக்குப் போன் செய்து அறையின் சூட்டளவைச் சொன்னான்.

"இந்தச் சூட்டுக்கு மேல ஏறாம இருந்தாப் பரவால்லையாம். நீயே சொல்லும்மா, வர்றியா?"

பெரியக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் எதுக்குடா வரணும்? லீவு விட்டதும் பிள்ளைங்கள இங்க அனுப்பு. அதுங்களாவது வெயில்ல வாடாம இருக்கட்டும்."

தையலக்கா மெஷினை நிறுத்தாமலே அழுதாள். மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன்.