உம்மா உட்கார்ந்த முற்றம்

அந்த வருடம் எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: உம்மா. உம்மாவின் தங்கை, எனக்குச் சாச்சி. சாச்சியின் இடுப்பில் கைப்பிள்ளை. உம்மாவுக்கும் சாச்சிக்கும் தம்பியான மாமா. நான். வாப்பா இல்லை. அவர் இல்லாதது எனக்குப் புதிதில்லை. அவர் சவூதியில் வேலை பார்ப்பவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார்.

அந்த ஆடியில் வாப்பா அங்கேயே மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. போனில் சொன்னார்கள். வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கும் சொன்னார்கள். எனக்கு ஏழு வயது. மவுத்து என்றால் என்னவென்று தெரியும், பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். சந்தூக்கு வரும். அதில் ஆளை வைத்துப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போவார்கள். எங்கள் வீட்டுக்குச் சந்தூக்கு வரவில்லை. யாரையும் தூக்கவில்லை. அதனால் பெரியவர்கள் எதையோ தப்பாகச் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

உம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மவுத்தானால் எங்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போக மாட்டார்கள். வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. எங்கள் வீடு ஒரே அறை. மேலே சிமெண்ட் சீட்டு. இருந்த ஒரு ஜன்னலும் தெருப் பக்கம். அதைச் சாத்திவிட்டார்கள். உம்மாவுக்கு இளைப்பு உண்டு. மூன்றாம் நாளே மூச்சு விசிலடித்தது.

"உள்ளயே கெடந்தா இவளையும் தூக்க வேண்டியதுதான்" என்றாள் சாச்சி.

முற்றத்தில் உட்காரலாம். அது வீட்டோடு சேர்த்தி. ஆனால் எங்கள் முற்றத்துக்கு மதில் கிடையாது. முள்வேலிதான். தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரியும். அது போக, ஆடிக் காற்று. கச்சான் காற்று கிளம்பினால் கடற்கரை மணல் பாதி எங்கள் சோற்றில் கிடக்கும்.

"முத்தத்த நான் பாத்துக்கிர்றேன் லாத்தா" என்றார் மாமா. அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம்.

நாலு மாதம் பத்து நாள் என்றால் காற்று, வெயில், மழை, பனி நாலும் அதற்குள் வந்துவிடும். நாலுக்கும் தோதாக ஓர் இடம் வேண்டும். மாமா கடலுக்குப் போகிறவர். அவருக்குக் கட்டத் தெரிந்தது வள்ளம்தான். மூங்கில் கம்பு நட்டார். உச்சியில் கப்பி மாட்டினார். தென்னங்கிடுகில் பெரிய தட்டி பின்னி, பாய் ஏற்றுவது போலக் கயிற்றில் இழுத்துத் தெருப் பக்கம் ஏற்றினார்.

சாச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏலே, இது வீடா வள்ளமா? நங்கூரத்த அடுப்படிலயா போடப் போற?"

"காத்து மாறும்ல. அப்ப நீ வந்து தூக்குவியா? இப்பிடின்னா ஒரு இழுப்பு. எறங்கிரும்."

கடலில் அவிழாத முடிச்சு ஆகாது. காற்று திரும்பினால் உடனே பாயை இறக்க வேண்டும். அதனால் அவர் கை போட்டதெல்லாம் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு.

உம்மா தட்டிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காற்று தட்டிக்கு மேலாக வந்தது, மணல் வரவில்லை. விசில் நின்றது.

மாமா கடற்கரையிலிருந்து புது மணல் கொண்டுவந்து பரப்பினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்று நினைத்தேன். வாப்பா லீவுக்கு வருமுன் எப்போதும் முற்றத்தில் புது மணல் போடுவார்கள். இந்தத் தடவை மணலோடு தட்டியும் போடுகிறார்கள். பெரிய லீவு போல. யாரிடம் கேட்டாலும் என் தலையைத் தடவினார்கள்.

ஒன்று மட்டும் இடித்தது. தட்டி நின்றால் தெருவிலிருந்து வீடு தெரியாது. பெட்டியோடு வருகிறவர் இது எவர் வீடோ என்று தாண்டிப் போய்விடுவார்.

ஆவணியில் ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம் நான் கயிற்றை இழுத்தேன். ஒரு இழுப்புத்தான். கச்சான் தட்டியைத் தூக்கி வேலி மேல் எறிந்தது. உம்மா தலையில் துணியில்லாமல் முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் நாலு பேர் வலை சுமந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உம்மா உள்ளே ஓடினாள்.

அப்புறம் வெளியே வரவில்லை. இத்தா முறிந்துவிட்டதோ, முதலிலிருந்து இருக்க வேண்டுமோ என்று பயம். மாமா பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டு வந்தார். முறியவில்லை, அது காற்றின் வேலை என்று சொல்லிவிட்டார். நான் இழுத்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆலிம்சாவுக்குத் தெரியாது. உம்மா அதற்கும் வரவில்லை. ஐந்து நாள். விசில் திரும்ப வந்தது. ஐந்தாம் நாள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாள்.

"புள்ள இழுத்தா விழுற கட்ட எவன்டா போடுவான்? ஒனக்கெல்லாம் எவன் வள்ளத்தக் குடுத்தான்?" சாச்சி மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "ஏன்த்தா அவுத்த?"

"வாப்பா வந்தா வீடு தெரியாதுல்ல மாமா."

சாச்சி கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். மாமா வேலியைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். தட்டியில் என் கண் உயரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு வெட்டினார்.

"இதுவழியா பாத்துக்க. கயித்துல மட்டும் கை வைக்காத."

தட்டியை ஏற்றி, இந்தத் தடவை இறுக்கு முடிச்சாகப் போட்டார். மேலே மேலே நாலு சுற்று.

நாங்கள் பேசும்போது அறைக் கதவு திறந்துதான் இருந்தது. மறுநாள் காலை உம்மா தானாக வெளியே வந்தாள். நாற்காலியை இழுத்து ஓட்டைக்குப் பக்கத்தில், எனக்குப் பக்கத்தில் போட்டாள். ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. நான் தெருவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

புரட்டாசி வெயிலுக்கு மாமா மேலே பழைய வலையை விரித்துப் பனையோலை போட்டார். மணலில் தண்ணீர் தெளித்தால் அறையைவிடக் குளிர்ச்சி. கொசுவுக்கு வேப்பிலை புகை போட்டார். கொசு போகவில்லை. உம்மா உள்ளே போனாள். புகையை நிறுத்தினார்.

ஐப்பசியில் காற்று மாறியது. வடக்கிலிருந்து வாடை, மழையோடு. தட்டி வடக்கே போக வேண்டும். இறுக்கு முடிச்சு அவிழவில்லை. மாமா கயிற்றை அறுத்தார். தெருப் பக்கம் புதுத் தார்ப்பாய் வந்தது. ஓட்டை தட்டியோடு வடக்கே போய்விட்டது. நான் அங்கேயும் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டில் தெரிந்தது. இரண்டு நாள் ஆட்டைப் பார்த்தேன். பிறகு மாமாவிடம் சொன்னேன். அவர் தார்ப்பாயையும் வெட்டினார்.

"புதுத் தார்ப்பாய்லே! மழை உள்ள வராதா?" என்றாள் சாச்சி.

"வரட்டும்."

வந்தது. அந்த ஓட்டை வழியாக வந்த மழையில் என் முகம் நனையும். உம்மா முந்தானையால் துடைப்பாள். கார்த்திகைப் பனிக்கு மாமா தன் கம்பளியைக் கொடுத்தார். உம்மாவும் நானும் அதற்குள் உட்கார்ந்திருந்தோம். இளைப்பு வரவில்லை.

இத்தா நாள் முடிந்தது. உம்மா குளித்தாள். மாமா எல்லாவற்றையும் இறக்கிச் சுருட்டினார். எனக்குக் குழப்பம். வாப்பா இன்னும் வரவில்லை, இவர் ஏன் பிரிக்கிறார்?

உம்மா வெள்ளைத் துப்பட்டி போட்டு என் கையைப் பிடித்தாள்.

"எங்க போறோம் உம்மா?"

"சும்மா. வா."

வாப்பாவை அழைத்துவரத்தான் போகிறோம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆயிரம்வரை எண்ணப் படித்திருந்தேன். எங்கள் வாசலிலிருந்து அடி எண்ணிக்கொண்டு போனேன். தெரு முடிகிற இடத்தில் பஸ் நிற்கும். உம்மா நின்றாள். பஸ் வந்தது. மீன்கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பினோம்.

போகும்போது இருநூற்று எண்பத்து நாலு அடி. வரும்போதும் எண்ணினேன். அதே தெரு, அதே உம்மா, அதே நான். எண்ணியது தப்போ என்று நினைத்தேன். முந்நூற்று ஐம்பத்தொன்று.