பானு திருப்பிக் கொடுத்த கோட்

இன்று துணிக்கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் பானு நின்றிருந்தாள். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கடல் மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பன்னிரண்டு வருடமாக ஆராய்பவள்.

கையில் விலைச்சீட்டு கிழிக்காத தடித்த குளிர் கோட்.

"என்ன பானு, சைஸ் சரியில்லையா?"

"சைஸெல்லாம் சரிதான்க்கா. க்ளைமேட் கான்ஃபரன்ஸுக்குப் போட்டுட்டுப் போகலாம்னு வாங்கினேன். நம்ம கவர்ன்மென்ட்தான் க்ளைமேட் ஒப்பந்தத்துல இருந்தே வெளிய வந்துடுச்சே. எங்க டீமையும் கலைச்சுட்டாங்க."

கோட்டில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டார். இல்லை என்று பானு தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது.

பார்க்கிங் வரை கூடவே நடந்தேன். "எல்லாம் சரியாயிடும் பானு. அடுத்து வர்றவங்க திரும்ப சேர்ந்துடுவாங்க" என்றேன்.

"சேரலாம்க்கா. அதுக்கு ஒரு கையெழுத்து போதும். உருகிப்போன ஐஸ் எந்தக் கையெழுத்துக்குக்கா திரும்பி வரும்?"

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.