எருமைக்கு வந்த குழாய்

எங்கள் தெருவில் துரை வருகிறார் என்றால் ஒரே பொருள்தான்: வீட்டு வரி. முனிசிபல் துரை வீட்டைப் பார்த்து, என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிடுவார், அதற்கேற்ப வரி. ரோடு, விளக்கு, சாக்கடை, குழாய் எல்லாம் அந்த வரியில்தான். ஆகவே விளக்கும் குழாயும் கேட்கும்போது நாங்கள் சீமான்கள். துரை வரும்போது பரதேசிகள். இது ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று சிராங்கூன் ரோட்டின் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. நிறையப் படித்தவன் என்று பெயரெடுத்த எனக்கும்தான்.

சேதி கிடைத்ததும் செய்ய வேண்டியது எல்லாருக்கும் மனப்பாடம். சுவர்க்கடிகாரம், நிலைக்கண்ணாடி, பித்தளை அண்டா யாவும் முனைக்கடை நானாவின் கிடங்குக்குப் போய்விடும். பக்கத்துச் சந்து மாட்டுக்கொட்டகையிலிருந்து எருமைகளை ஓட்டிவந்து வாசல் தூண்களில் கட்டுவோம். எருமை நிற்கிற வீட்டுக்கு எந்தத் துரையும் பெரிய வாடகை போடமாட்டார். நானா நாகூர்க்காரர், நாணயஸ்தர். சாமான் ஒன்றுகூடக் குறையாது.

அந்த வருஷம் தெருக்கிணறு உப்புக் கரித்தது. முதலில் அடிபட்டது எதிர்வீட்டு இட்லிக்கார அக்காவின் வியாபாரம்.

"இட்லி கரிக்குதுன்னு எல்லாரும் மூஞ்சத் திருப்புறாங்க. குழாய் வரலேன்னா நான் ஜாலான் புசார் பக்கம் போய் அடுப்பு வச்சுக்கறேன். நீங்க ஒங்க இங்கிலீஸத் தின்னுங்க தம்பி" என்றார் என்னிடம்.

அப்போது நான் கல்யாணமாகாத கிராணி, ஆபீசில் எழுத்து வேலை. காலைச் சாப்பாடு அக்கா கையில். உடனே பொதுநலத்தில் இறங்கினேன்.

நானாவும் நானும் எலுமிச்சம்பழத்தோடு முனிசிபல் ஆபீசுக்குப் போனோம். பல வருஷம் சேர்த்த ஆங்கிலத்தை ஒரே மூச்சில் செலவழித்தேன். கனவான்கள் வாழும் தெரு; குழாய்க்கு எல்லாவிதத்திலும் தகுதியானது என்றேன். அங்கிருந்த துரை, நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வந்தார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் யாரோ, "தொரை வர்றான்! சாமான எடு!" என்று கத்தினார்கள். இது குழாய்த் துரை என்பது எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நானோ புத்தகப் பெட்டியைச் சுமந்துகொண்டு கிடங்குக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

"அத வீட்டுலயே வைங்க தம்பி. அதப் பாத்தா வரியக் கொறச்சுத்தான் போடுவான்" என்றார் நானா.

திரும்பி வந்தபோது தெருவெல்லாம் எருமை. "கனவான்கள் எங்கே?" என்றார் துரை. எனக்கு முந்தி ஒரு எருமை பதில் சொன்னது. உண்மையைச் சொன்னால் வரி ஏறும்; வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா செம்பை நீட்டினார். "இதக் குடிச்சுப் பாருங்க தொரை, எவ்வளவு உப்புன்னு தெரியும்!"

துரை செம்பைப் பார்க்கவில்லை. எருமையின் வறண்ட நாக்கைப் பார்த்தார். "காசியான்" என்று மலாயில் இரக்கப்பட்டு அதன் முதுகைத் தடவினார். இந்தத் தெரு கட்டும் வரி ஜனங்களுக்குக் குழாய் போடக் காணாதாம். ஆனால் வாயில்லாப் பிராணிகளுக்கென்று தனியாகப் பணம் இருக்கிறதாம்.

சில வாரத்தில் ஒரு கல்தொட்டியும் அதை நிரப்பக் குழாயும் வந்தன. முதல் நாளே அக்கா எருமையைத் தள்ளிவிட்டுக் குழாயடியில் குடத்தை வைத்தார். "நீ அப்பறம் குடி, ஒனக்கு என்ன வியாபாரமா கெட்டுப்போகுது?"

மறுநாள் முனிசிபல் கிராணி வந்து எச்சரித்தார். மேற்பார்வைக்குச் சொல்லாமல்தான் வருவார்களாம்; எப்போது வந்தாலும் தொட்டியடியில் எருமை நிற்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியும் போகும், குழாயும் போகும். கொட்டகைக்காரரோ, "ஒரு நாள்னா சும்மா குடுப்பேன். தெனமும்னா எப்படி லா?" என்று வாடகை கேட்டார்.

தெருவே வசூலிப்பதென்று நானாவின் கடைவாசலில் கூடினோம். யார் எவ்வளவு தருவது? எல்லா வீட்டிலும் திடீரென்று தரித்திரம்.

நானா நிதானமாகத் தொண்டையைச் செருமினார். "செட்டியாரே, ரெண்டு கடிகாரம் என் கெடங்குலதானே மணி அடிச்சுச்சு? ஒங்களுக்கு ரெட்டைப் பங்கு. நெலக்கண்ணாடி வீட்டுக்காரவுக ஒண்ணரை. அண்டாவுக்கு ஒண்ணு." எந்த முனிசிபல் துரையும் எங்களை இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டதில்லை. சாமானைச் சுமந்துபோனவர்கள் நாங்களேதான்.

"தம்பிக்கு ஒரு பெட்டிப் புத்தகம். கால் பங்கு போதும்" என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"நானா, தம்பி தெனமும் எத்தனை இட்லி திங்குதுன்னு எனக்குத் தெரியும். முழுப் பங்காப் போடுங்க" என்றார் அக்கா.

போட்டார்.