யோலானின் ஜூலைக் கட்டில்

ஜூன் முதல் தேதி வந்தால் யோலான் தன் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஹங்கேரியில், பாலட்டோன் ஏரியின் தென்கரையில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். கோடையில் வீடு வாடகைக்கு வருகிறவர்களுக்கு, வீட்டுக்காரர்களுக்குக் கொல்லையில் இருக்கும் கொட்டகை. படகு, மண்வெட்டி, ஒயின் பீப்பாய், இவற்றுக்கு நடுவில் இரண்டு மடக்குக் கட்டில். ஆகஸ்ட் இருபதாம் தேதி, தேசிய நாள் வாணவேடிக்கை முடிந்து, கடைசிக் காரும் கிளம்பிய பிறகுதான் மறுபடி வீட்டுக்குள் கால் வைப்பாள்.

வீட்டுக்குள் அவளுடைய கட்டில் ஏரிப் பக்க ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. "காலையில கண்ணு முழிச்சா ஏரி கட்டில் வரைக்கும் வந்துடுதும்மா" என்று ஜெர்மனியில் லைப்சிக்கிலிருந்து வந்தவர்கள் வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போவார்கள். யோலான் அதைப் பார்த்ததே இல்லை. அவள் அந்தக் கட்டிலுக்குத் திரும்பும்போது கோடை போய், காலையில் வெளியே மூடுபனிதான் இருக்கும். கட்டில் அவளுடையது, காட்சி கண்டவனுக்கு! இதைக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரியும்.

அவள் புருஷன் தெஜோ இறந்ததும் சீசனில்தான். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொட்டகையில் துடுப்புக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். வீட்டுக்குள் இருந்த குடும்பத்துக்கு இன்னும் நாலு நாள் பாக்கி. அவர்களுடைய விடுமுறை கெட்டுவிடக் கூடாது என்று பிணம் எடுக்கும் வண்டியைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னாள். "அவரு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, நாலு நாளும் அவர்களுக்கு மாவு ரொட்டி பொரித்துப் போட்டாள். சனிக்கிழமை கையசைத்து வழியனுப்பிவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அடக்கி அடக்கி வைத்ததில் அது எங்கே போய்த் தொலைந்ததோ! அன்றைக்கு மரத்துப்போனவள்தான்.

பிறகு ஆட்கள் வருவதும் நின்றது. விமானம் மலிவாகிவிட்டது, எல்லோரும் கடலுக்குப் போனார்கள். பக்கத்தில் இருந்த தொழிற்சங்க ஓய்வு விடுதியின் கண்ணாடிகள் உடைந்து, உள்ளே காட்டுச் செடி முளைத்தது. பத்து வாரம் திருவிழா, நாற்பது வாரம் சுடுகாடு என்று ஆகிவிட்ட கரையைத் திருத்த ஒரு கம்பெனி வந்தது. விடுதியோடு யோலானின் வீட்டையும் மனையையும் சேர்த்துக் கேட்டார்கள். அதற்குப் பதில் புதுக் கட்டடத்தில் ஏரி பார்த்த ஒரு ஃபிளாட்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஊர் பிழைக்கும் என்று பாதிப் பேர், சாக்கடை தாங்காது, கரைக்குப் போக வழி இருக்காது என்று மீதிப் பேர். யோலானின் சிநேகிதி கிஸி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் இருப்பவள். வாய் சும்மா இருக்காது.

"நாணல் மேல கான்கிரீட்டு கொட்டினா மழைத் தண்ணி எங்கடா போகும்? உங்க ஆத்தா வீட்டுக்கா?" என்று எழுந்து நின்று கேட்டாள்.

கம்பெனிக்காரன் பாலிந்த் பவ்வியமாகச் சிரித்தான். முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளைதான். யோலான் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போடும் அன்றுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, ஜூலையில நான் அங்க படுத்துக்கலாமா? யாருக்கும் விட வேண்டாமே?"

"தாராளமா, யோலி அத்தை. ஜூலை பூரா உங்களுதுதான்."

போட்டுவிட்டாள்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை கம்பெனி செலவில் ஊருக்குள் ஒரு வாடகை வீடு. மூன்றாம் வருஷம் ஜூன் கடைசி நாளில் தன் பழைய கட்டிலோடு ஃபிளாட்டுக்குள் போனாள். ஜூலை முதல் தேதி காலையில் கண் விழித்தாள். சொன்னது பொய்யில்லை, ஏரி கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் பார்த்தாள், அதற்கு மறுநாளும். பரிமாறிய சாப்பாட்டை மீதம் வைக்கக் கூடாதே என்று சாப்பிடுகிறவளைப் போலத் தினமும் பார்த்தாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, தண்ணீரில் பாய்மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. "தெஜோ, இங்க வந்து பாரேன்!" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னது தன் குரல்தானா என்று திடுக்கிட்டாள். அன்றைக்கு முழுக்க ஜன்னலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் துடைக்கவும் இல்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது வந்ததே!

செப்டம்பரில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அக்டோபர் பதினைந்தோடு தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்துவிடுவார்களாம், கட்டடம் மே மாதம் வரை மூடியிருக்குமாம். யோலான் தாளை எடுத்துக்கொண்டு பாலிந்திடம் போனாள்.

"அத்தை, இது விடுமுறைக் கட்டடம். அப்படித்தான் பதிவாகியிருக்கு. ஹீட்டர் லைனே கிடையாது. நிரந்தரமா குடியிருக்கச் சட்டத்துல இடமில்ல." அவன் குரல் இறங்கியது. "ஒப்பந்தத்துல பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு. உங்க கையெழுத்து இருக்கே."

"இருக்கு" என்றாள் யோலான்.

"குளிர்காலத்துக்கு வேற வீடு இருக்கும்னுல்ல நாங்க நினைச்சோம். மத்தவங்க எல்லாருக்கும் இருக்கு."

"அவங்க எல்லாம் விருந்தாளிங்க, தம்பி."

பாலிந்த் தண்ணீர் கொடுத்தான், வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் பதினான்காம் தேதி மத்தியானம் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக கிஸி கைவண்டியோடு வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் யோலான் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். வீட்டைக் காலி செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியைத் துடைத்து, புது விரிப்பு விரித்து, தலையணையைத் தட்டி, துண்டை மடித்து அதன் மேல் ஒரு சோப்பு வைத்தாள்.

"யாருக்குடி இது?" என்றாள் கிஸி.

யோலான் துண்டைப் பார்த்தாள். பிறகு கதவைப் பூட்டினாள்.

பழைய கொட்டகையை இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதில் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் அடுக்கியிருந்தன. அதைத் தாண்டி இருவரும் ரயில் பாதைப் பக்கமாக வண்டியைத் தள்ளினார்கள். தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ள, கிஸிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஜூலையைக் கேக்கத் தெரிஞ்ச உனக்கு ஜனவரியைக் கேக்கத் தெரியலயா?"

யோலான் குனிந்து சக்கரத்தைத் தூக்கிவிட்டாள்.

"அதை எதுக்குக் கேக்கணும் கிஸி? ஜனவரி எப்பவும் நம்மளோடதுதானே."

கிஸி குனிந்து வண்டியைத் தள்ளினாள்.