டிக்கெட் வாங்காத வீரன்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடம்புக்கு என்ன என்று சிலர் போனில் விசாரித்தார்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கப்பலில் இருந்தேன் — டிக்கெட் இல்லாமல், மாற்றுச் சட்டை இல்லாமல், வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்.

எல்லாம் ஒரு முயலால் வந்த வினை.

மெயின்லேண்டிலிருந்து என் மச்சான், என் மகள் நிலாவுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் அனுப்பியிருந்தான். யானைக்குட்டி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. சிங்கம் வருகிறது. பயந்து ஓடிய முயல் பாதி வழியில் திரும்பி வந்து, நண்பனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. பக்கம் முழுக்கப் படம். முயலுக்கு மீசைகூட முறுக்கி வரைந்திருந்தார்கள்.

நிலாவுக்கு ஏழு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தமானில், இந்தப் போர்ட் பிளேரில்தான். அவள் கேட்ட முதல் கேள்வி — "அப்பா, சிங்கம் எந்த ஜஹாஜ்ல வந்துச்சு?"

தப்பா? உருளைக்கிழங்கு கப்பலில் வருகிறது. சிமென்ட் கப்பலில் வருகிறது. மாமா கப்பலில் வருகிறார். எங்கள் காட்டில் சிங்கமும் கிடையாது, புலியும் கிடையாது. அப்படியானால் அதுவும் கப்பலில்தானே வந்திருக்க வேண்டும்? சென்னைக் கப்பல் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த கேள்விதான் வில்லங்கம். என் ஃப்ரெண்டுக்கு ஆபத்து என்றால் நானும் அந்த முயல் மாதிரி போவேனா?

போகாமல் என்ன என்றேன். அடுக்களையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

சிரிப்பாள்தான். சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே எனக்கு ஆகாது. டெலானிபூர் மேட்டில் குடியிருந்துகொண்டு, தரை லேசாக ஆடினால் இன்னும் மேலே ஓடுகிற ஒரே ஆள் நான்.

இந்த நிலையில்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் சேகரின் பிரச்சினை என் தலையில் விழுந்தது. ராமநாதபுரத்துக்காரன். மின்சார வேலை. சுனாமி அன்று கார் நிக்கோபார் தீவில் இருந்தவன். தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தான். கூடத் தங்கியிருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. இப்போது அதே கார் நிக்கோபாருக்கு மறுபடி மாற்றல். மெடிக்கல் லீவ் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டான். இந்தக் கப்பலையும் விட்டால் வேலை போய்விடும் என்ற நிலை. ஏற்கெனவே ஒருமுறை கப்பல் நிற்கிற ஜெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டான். எப்படியாவது ஏற்றிவிட்டு வாருங்கள் அண்ணே என்று அவன் மனைவி கலா வந்து அழுதாள்.

நிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முயலாக இருப்பதைத் தவிர வேறு வழி?

எங்கள் ஊரில் கப்பலேற்றிவிடுவது என்றால் ஜெட்டியில் நின்று டாட்டா காட்டுவது இல்லை. தெரிந்தவர்களைப் பிடித்து உள்ளே போய், சாமானை அவர்கள் படுக்கிற பங்க் வரைக்கும் தூக்கி வைத்து, ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். நான் வெங்காய மூட்டையைத் தூக்கினேன். சேகர் என் முழங்கையைப் பிடித்தான்.

பங்க்கில் உட்கார வைத்தேன். கடல் இப்போது குளம் மாதிரி இருக்கிறது, பயப்பட என்ன இருக்கிறது என்று பெரிய பிரசங்கமே செய்தேன். பாதிப் பிரசங்கத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. கப்பல் கயிற்றில்தான் கட்டிக் கிடக்கிறது... அதற்கே! ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு டாய்லெட்டுக்கு ஓடினேன்.

வெளியே வரும்போது ஜெட்டி நகர்ந்துகொண்டிருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஜெட்டியில் வழியனுப்ப வந்து நின்ற நிலாவும் கலாவும் சந்தோஷமாகக் கை ஆட்டினார்கள். என் மனைவி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஊழியர் நிதானமாகச் சொன்னார்: "ஜஹாஜ் நிகல் கயா, பாய்." கப்பல் கிளம்பிவிட்டதாம். எனக்கும் தெரிகிறதே! இனி அடுத்த கரை கார் நிக்கோபார். அது பழங்குடியினர் தீவு, அங்கேயும் பாஸ் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள்.

திரும்பினால் சேகர் நிற்கிறான். கண் கலங்கியிருந்தது. "எனக்காகவா ஏறிட்டீங்க, அண்ணே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி வாந்திதான் வந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சேகர் என்னைத் தாங்கிப் பிடித்தான். எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். என்னைத் தன் பங்க்கில் படுக்க வைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டான். டிக்கெட் எங்கே என்று வந்தவரிடம் இந்தியில் சண்டை போட்டான். அலை தூக்கிப் போட்ட போதெல்லாம், கடல்னா அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தைரியம் சொன்னான். காலையில் கார் நிக்கோபார் கரை தெரிந்தபோது, என் முகத்தைத் துடைத்துவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நடுவில் ஒருமுறை நின்றான். அப்புறம் நடந்தான். கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே கப்பலில் அதே பங்க்கில் திரும்பினேன். வழி முழுக்க ஒரே யோசனை. பயந்தவன் பக்கத்தில் ஒரு வீரனைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? இவனைப் போல நம்மால் முடியவில்லையே என்று அவன் இன்னும் சுருங்கிப் போவான். அவனைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியை நிறுத்திப் பாருங்கள்... கவனித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிடுகிறது. பயப்பட அவனுக்கு நேரம் ஏது? படக்கதை எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிலா குவார்ட்டர்ஸ் முழுக்க என் வீரத்தைப் பரப்பிவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்குத் தைரியம் இல்லை.

நேற்று சேகர் போன் செய்தான். வேலையில் சேர்ந்துவிட்டான். தூக்கம் வருகிறதாம். பொங்கலுக்கு லீவில் வருகிறான். திரும்பிப் போகும்போது எனக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்று கேட்டான்.

"நீங்க பக்கத்துல வாந்தி எடுத்தாத்தான்ணே எனக்குத் தைரியமா இருக்கு."